கொழுந்து நிரையில் பன்னிரண்டு பாடங்கள்

எனக்கு ஒரு குணம் உண்டு, காரணம் தெரியாமல் கை கூப்ப மாட்டேன். சின்ன வயதில் தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரியிடமே, "எலுமிச்சம்பழத்த வெட்டி எதுக்குக் குங்குமம் தடவுறீங்க?" என்று கேட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். கேட்டதற்குப் பதில் வரவில்லை, குட்டு மட்டும் உடனே வந்தது.

எழுபதுகளின் பாதியில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, அதே தோட்டத்தில் லோரி ஓட்டிய ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. மாதம் ஒரு ஞாயிறு மலைக்குக் கீழேயிருந்து பாதிரியார் எங்கள் டவுன் வேதக்கோவிலுக்கு வருவார். நானும் கணவரோடு போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். பூசையின் நடுவில் ஒரு மணி அடிக்கும். கோவிலே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி அமைதியாகிவிடும். அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடும். அந்த அமைதியின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அது எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் பிடிக்கவில்லை.

கணவரைக் கேட்டேன். "மணி அடிச்சதும் ஏன் எல்லாரும் தலைய குனியிறீங்க?"

"எல்லாரும் குனியிறாங்க, நானும் குனியிறேன்லா" என்றார். "எனக்குப் பொறந்த பத்தாவது நாளே ஞானஸ்நானம்னு தலையில தண்ணி ஊத்திட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

பிறகு பாதிரியாரிடமே போய் நின்றேன். பெரியவர்களுக்கான வகுப்பு மலைக்குக் கீழே அவர் ஊரில் வாரம் ஒரு நாள் நடக்கிறது என்றார். வளைந்து வளைந்து இறங்கும் அந்த ரோட்டில் வாரம் ஒரு முறை போய்வந்தால், நான் படித்த பாடத்தைவிட எடுத்த வாந்திதான் அதிகமாக இருக்கும். அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே படிங்க" என்று ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். தபால் வழியாக வேதம் படிக்கலாம், பன்னிரண்டு பாடம், ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துக் கேள்வி; பதில் எழுதி அனுப்பினால் திருத்தி, அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்புவார்கள்.

விண்ணப்பத்தில் பெயர் எழுதச் சொல்லியிருந்தது. தோட்டத்தில் எந்தத் தாளில் பெயர் எழுதினாலும் முன்னால் பெரட்டு நம்பரை எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். தினம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆளைக் கூப்பிடுவதே அந்த நம்பரை வைத்துத்தான். அதனால் நூற்று நாற்பத்தேழு என்று போட்டுப் பெயரை எழுதினேன். பாடம் அனுப்புகிறவர்கள் அதை என்ன நினைத்தார்களோ, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உறையிலும் ஒரு பட்டம் மாதிரி என் பெயருக்கு முன்னால் அந்த நம்பர் இருந்தது. ஆபீசில் கணக்கு எழுதி, தபால் பிரிக்கும் கிராணிக்கு அதில் ஒரே சந்தோஷம். "நூத்தி நாப்பத்தேழு, ஒனக்குக் கடவுள் கடுதாசி போட்டிருக்காரு" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுப்பார்.

வீட்டில் படிக்க நேரம் ஏது? கொழுந்து பறிக்கிற செடி வரிசையில், நிரையில்தான் படித்தேன். பாடத்தாளை மடித்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, தலைத்துண்டுக்குள் சொருகிக்கொள்வேன். ஒரு நிரைக்கு ஒரு கேள்வி என்று கணக்கு. நிரையின் அடியில் தாளை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் பறிக்கத் தொடங்கினால், மேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பதில் மனப்பாடம் ஆகிவிடும். ஆகாவிட்டால் பக்கத்து நிரைக்காரி விடமாட்டாள்.

பக்கத்து நிரைக்காரி என் வயதுக்காரி, லைன் வீட்டு வரிசையில் அடுத்த வீடு. மாரியம்மன் கோவில் திருவிழாவில் பால்குடம் தவறாமல் எடுப்பவள். மதம் மாறும் எண்ணம் கனவிலும் கிடையாது. ஆனால் பிறரைக் கேள்வி கேட்பது என்றால் அவளுக்குச் சர்க்கரைப்பொங்கல். தாளை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, "அருட்சாதனம் எத்தன? சொல்லுடி" என்பாள். நான் ஆறு சொல்லிவிட்டு முழித்தால், "ஒண்ண முழுங்கிட்ட பாரு" என்று மூன்று நிரைக்குக் கேட்கும்படி சிரிப்பாள். மூன்று மாதத்தில் எங்கள் கும்பலில் இருந்த பாதிப் பெண்களுக்கு, ஞானஸ்நானம் முதல் கல்யாணம் வரை, ஏழு அருட்சாதனமும் வரிசையாகத் தெரிந்தது. கங்காணி ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "வாயி பேசட்டும், கை ஓடட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திருத்தியவர் யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. சிவப்பு மை, பொடி எழுத்து, கையெழுத்து கிடையாது. ஆண்தான் என்றாள் அவள். இவ்வளவு குறை கண்டுபிடிப்பது மாமியாராகத்தான் இருக்கும் என்றேன் நான். ஏழு மார்க் போடுவார், எட்டு போடுவார். ஒரே ஒரு முறை ஒன்பது வந்தது. பத்து மட்டும் வரவே இல்லை. "கஞ்சப்பய" என்று பக்கத்து நிரைக்காரி திட்டுவாள், ஏதோ அவள் பரீட்சைக்கு மார்க் குறைந்த மாதிரி.

ஏழாம் பாடம் தவக்காலத்தைப் பற்றியது. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் ஒறுத்தல் என்று படித்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. விரதம் நமக்குத் தெரியாததா? தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுத்த வீட்டில் வளர்ந்தவள் அல்லவா! மீன், கறி, முட்டை நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டேன். கணவரைக் கூடத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுக்கச் சொன்னேன். அந்தக் குளிரில் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "நாங்க பரம்பரையா வேதக்காரவுங்க, எங்க வீட்ல யாரும் இப்படிப் பண்ணலயே" என்று புலம்பினார். "அதான் ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

தவக்காலத்தில் நீங்கள் எதை விட்டீர்கள் என்பது ஒரு கேள்வி. பெருமையாகப் பட்டியல் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் சிவப்பு மையில் பதில் வந்தது. "முயற்சிக்குப் பாராட்டு. காலணி அணியலாம். கணவர் அறைக்குள் திரும்பலாம். அடுத்தவரிடம் கோபப்படுவதை விட முயலவும்." ஆறு மார்க். கணவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அவர் வேதத்தைப் பற்றி ஆசையாகப் படித்தது அன்றைக்குத்தான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லோரியைக் கம்போங் ராஜா ஊர் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார்.

அடுத்த தவக்காலம் நெருங்கும்போது நான் பதினோராம் பாடத்தில் இருந்தேன். வருகிற ஈஸ்டர் காலையில் ஞானஸ்நானம் என்று பாதிரியார் நாள் குறித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கீழே ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்தில் இருந்த என் மாமியார், படிக்கிற மருமகளுக்கு உதவட்டும் என்று ஒரு பழைய கேள்வி-பதில் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். அட்டை போய், பழுப்பேறி, கற்பூர வாசம் அடித்தது. ஆசையாகத்தான் பிரித்தேன். ஒரு பக்கத்தில், ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்கு மோட்சம் இல்லை என்று இருந்தது. ஒரே வரி.

என் அப்பா இறந்து அப்போது நாலு வருஷம்.

அன்றைக்குத் தாளைத் தலைத்துண்டில் சொருகவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பக்கத்து நிரைக்காரி பொறுக்காமல், "என்னடி, பாடம் முடிஞ்சிருச்சா?" என்றாள். சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப ஒங்கப்பா எங்க இருக்காராம்?"

"அதத்தான் அதுல எழுதியிருக்கே."

"அப்பன் இல்லாத எடத்துல ஒனக்கென்னடி வேல?" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த மணியோசையின் அமைதி வேண்டும், அப்பாவும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் அப்பாதான் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தவளுக்கு அழுகை மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் பறித்துவிட்டு அவளே சொன்னாள். "அந்தக் கஞ்சனக் கேளு. அவ்வளவு படிச்ச ஆளுதானே, பதில் சொல்லட்டும்."

எழுதிக் கேட்டேன். பதில் சீக்கிரமே வந்தது. அந்தப் புத்தகம் ரொம்பப் பழையது, இன்றைக்குத் திருச்சபை அப்படிக் கற்பிப்பதில்லை, தனக்குத் தெரிந்த வெளிச்சத்தில் நேர்மையாக நடந்தவரைக் கடவுள் கைவிடமாட்டார் என்று பொடி எழுத்தில் அரைப்பக்கம். அடியில் இன்னொரு வரி: "பன்னிரண்டாம் பாடத்தின் கேள்விகளை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் அப்பாவைப் பற்றி எழுதி அனுப்புங்கள்."

நாலு பக்கம் எழுதினேன். அப்பாவுக்கு மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும் வேலை. மழைக்காலத்தில் கொழுந்துக்காரிகள் கூடையோடு சரிவில் சறுக்கி விழுவார்கள். யாரும் சொல்லாமல், வேலை முடிந்த பிறகு, அப்பா மண்வெட்டியோடு போய் நிரைக்கு நடுவே கால் வைக்கப் படி வெட்டுவார். வெட்டச் சொன்னது கான், படி யார் கேட்டது என்று துரை ஒருமுறை சத்தம் போட்டார். "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு, அப்பா அடுத்த மேட்டில் போய் வெட்டினார். டவுனுக்கு லோரியில் போகும்போது மாரியம்மன் கோவிலுக்குத் தலைத்துண்டை அவிழ்ப்பது போலவே வேதக்கோவிலுக்கும் அவிழ்ப்பார், சீனன் கோவிலுக்கும் அவிழ்ப்பார், மசூதிக்கும் அவிழ்ப்பார். டவுன் போய்ச் சேர்வதற்குள் துண்டைக் கட்ட நேரமே இருக்காது. சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பார் என்பதையும் எழுதினேன். பரீட்சையில் பொய் எழுதக்கூடாது அல்லவா.

தாளை அனுப்பிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. கீழ் ரோட்டில் மண் சரிந்து, மேலே எதுவும் வரவில்லை. தபாலும் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் தொடங்கிவிட்டது.

மண் சரிவதற்கு முன்பே மேலே வந்து மாட்டிக்கொண்ட பாதிரியார், வியாழக்கிழமை என்னைக் கேள்வி கேட்கக் கூப்பிட்டார். துணைக்குப் பக்கத்து நிரைக்காரியும் வந்தாள். எனக்கு இருந்த கலக்கத்தில் முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் இருந்து பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கும் பின்னால் இருந்துதான். மூன்றாவதுக்குப் பாதிரியார் என்னைப் பார்க்காமல் நேரே அவளையே பார்த்துக் கேட்டார். அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானமா?" என்றார்.

"நான் இல்ல சாமி, நான் மாரியம்மா கோயிலு" என்றாள் அவள். "இவளுக்குப் பாடம் கேக்குறதுதான் என் வேல."

பாதிரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம காலைல வந்துருவீங்கதானே?" என்று கேட்டார்.

"ஒரு பேப்பர் வரணும் பாதர்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவப் பத்திக் கவலப்படாதீங்க. நான் சொன்னா போதாதா?"

"போதும் பாதர். ஆனா ஒங்களுக்கு அவரத் தெரியாது. அவரப் பத்தி எழுதி அனுப்பியிருக்கேன். படிச்சவங்க சொல்லட்டும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஞாயிறு காலைல ஏழு மணி வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் ரோடு திறந்தது. நாங்கள் நிறுவைக் கொட்டகையில் கூடைகளோடு நின்றிருந்தோம். தூரத்திலிருந்தே கிராணியின் குரல் கேட்டது. "நூத்தி நாப்பத்தேழு!" ஆபீசை விட்டு மனிதர் குடையோடு மேடேறி வந்திருந்தார். கொழுந்துக் கறை படிந்த என் விரலுக்கு உறை பிரியவில்லை. பக்கத்து நிரைக்காரிதான் பிடுங்கிப் பிரித்தாள்.

நாலு பக்கத்தையும் புரட்டினாள். எங்கும் சிவப்பு மை இல்லை. நான் விட்ட பிழைகள்கூட விட்டபடியே இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில், "பத்துக்குப் பத்து. திருத்த ஒன்றும் இல்லை."

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தாளை என் கையில் வைத்து, "வருசக்கணக்கா விழுந்து விழுந்து படிச்ச ஒனக்கு எட்டு. ஒரு பாடமும் படிக்காத ஒங்கப்பாவுக்குப் பத்து. இப்பவாச்சும் போயித் தண்ணி ஊத்திக்க" என்றாள். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை.

மறுநாள் காலை பனி விலகுவதற்கு முன்பே கிளம்பினோம். லோரி நின்ற இடத்துக்கு நிரைக்கு நடுவேதான் இறங்க வேண்டும். முதல் நாள் பெய்த மழையில் மேடெல்லாம் வழுக்கியது. முன்னால் நான், பின்னால் துவட்டத் துண்டோடு அவள், அப்பா வெட்டிய படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, விழாமல் போய்ச் சேர்ந்தோம்.