நேரே போய் இடப்பக்கம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹங்கேரியிலிருந்து மருமகளின் தாய் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ரண்டர்ஸுக்கு வருவதாக இருந்தது. அன்று நான் மட்டுமே வீட்டில். பேருந்தால் இறங்கி என்னை அழைப்பார். அவருக்கு வழி சொல்ல மகன் எனக்கு அவர்கள் மொழியைப் பழக்கினான்.

"எல்நேஸேஷ்த் எண்டால் மன்னியுங்கோ. எட்யெனெஷென், நேரே. பால்ரா, இடப்பக்கம். சொல்லுங்கோ அம்மா."

"எனக்கு டேனிஷே ஒழுங்காய் வராது, இதில ஹங்கேரியனோ?" என்று சிரித்தேன்.

அவன் கைபேசியில் பாடத்தைப் போட்டான். ஓர் ஆண் குரல் மிகவும் மரியாதையாக ஏதோ கேட்டது. "ஒரு வீட்டுக்கு வழி கேக்கிறார்," என்றான் மகன். என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரில் சண்டைக் காலம், அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு வேலிப் படலையடியில் நின்று அவித்த பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த இருவர் இறங்கினார்கள்.

"தங்கச்சி, மாஸ்டர் வீடு எதம்மா?"

இடக்கையால் வழி காட்டக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா. கிழங்கை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டினேன்.

"நேரே போய் இடப்பக்கம். தகரப் படலை."

"நல்ல பிள்ளை," என்றார் ஒருவர்.

அவர்கள் பள்ளிக்கூட மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. "ஆர் வீட்டைக் காட்டினது?" என்று அவர் மனைவி ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தா. எங்கள் படலையிலும் கேட்டா. நான் அம்மாவின் பின்னால் நின்றேன், சொல்லவில்லை. இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"பால்ரா, அம்மா," என்றான் மகன். நான் எழும்பி அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் சம்பந்தி மூன்று தரம் அழைத்தார். நான் எடுக்கவில்லை. மகன் வேலையை இடையில் விட்டுவந்து அவரைக் கூட்டிவந்தான்.