எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊசி

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு கோடை விடுமுறை. கேரள எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு அடுப்படியில், தட்டையான வாணலியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் ஊற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அடியிலிருந்து சூடாக்கினால், சூடு ஓர் அளவைத் தாண்டியதும், சும்மா கிடந்த எண்ணெய் தேனடைபோலக் கட்டம் கட்டமாகப் பிரிந்துகொள்ளும். துளி மஞ்சள்தூள் தூவினால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். யார் சொல்லி இப்படி வரிசையாக நிற்கிறது என்று எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அப்போதுதான் என் கணவர் தென்னந்தோப்பிலிருந்து வந்தார். தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் பல்லால் கீறிவிட்டு ஓடிவிட்டதாம். ஏதோ முள் குத்திய மாதிரி சொன்னார். ரத்தம் வரவில்லைதான், ஆனாலும் நான் சும்மா விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, குழாயடியில் உட்காரவைத்து வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு எங்கள் பஞ்சாயத்து சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இரண்டு கையிலும் தோலில் பொட்டு அளவுக்கு ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. "இத்தனூண்டு மருந்து கொசுக்கடிக்கு வேணாப் பத்தும் புள்ள. நாய்க்கடிக்கு எப்படிப் பத்தும்?" என்று இவர் அடுத்த ஊசிக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். எல்லையோரத்துக்காரர்கள் எங்களுக்கு ஒரு பழக்கம். கேரளத்தில் ஒன்று பிடிக்கவில்லையா, உடனே தமிழ்நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவோம். ஜவுளியானாலும் சரி, டாக்டரானாலும் சரி.

ரேபிஸ் என்ற அந்த வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று நாளும் தூக்கமில்லை. ஊசி உடம்பில் ஏறினால் போதும், எந்த ஊரில் ஏறினால் என்ன என்று, "சரிங்க, பொள்ளாச்சிக்கே போலாமுங்க" என்றேன்.

பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் நர்ஸ் எங்கள் ஊரில் கொடுத்த சீட்டைப் பார்த்தார். இவருடைய சட்டைக் கைகளை மடித்துவிடச் சொன்னார். இரண்டு கையிலும் அதே பொட்டு ஊசி.

இவர் கைகளை மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங் சிஸ்டர், அங்கயும் இதேதான் போட்டாங்க. ஆத்துத் தண்ணிக்கு ரெண்டு கவர்மெண்டும் மல்லுக்கட்டிட்டே கெடக்குது. இதுல மட்டும் எப்படீங்க ஒத்துப்போச்சு?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "இது நாங்க முடிவு பண்ணுனதில்லீங்ணா. எல்லா நாட்டு டாக்டருங்களும் கூடி, தோல்ல கொஞ்சமாப் போட்டாலே போதும்னு சொன்னாங்க. டெல்லியில அதை ஏத்துக்கிட்டாங்க. ஒரு பாட்டில் மருந்து பல பேருக்கு ஆகுதில்லீங்களா?"

திரும்பி வரும்போது இவர், "அந்தக் கூட்டத்துல நம்ம தண்ணிப் பஞ்சாயத்தையும் பேசச் சொல்லோணும்" என்றார். மிச்ச ஊசிகளை எங்கள் ஊரிலேயே முணுமுணுக்காமல் போட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் கேள்வி தீரவில்லை. எந்த நாட்டில், எந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, என் கணவரின் கையில் எவ்வளவு மருந்து ஏற வேண்டும் என்று பேசியிருப்பார்கள்? எங்களைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்திருப்பார்களா? எண்ணெய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது பாட்டுக்குக் கட்டம் கட்டிக்கொள்கிறது. மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. எருத்தேன்பதி என்ற பெயரையே கேட்டிராத யாரோ பேசி முடித்ததால், இன்றைக்கும் நான் வாணலியை அடுப்பில் வைத்தால், "எண்ணெய வீணாக்காத புள்ள" என்று சத்தம் போட என் வீட்டில் ஆள் இருக்கிறார்.