அக்காவுக்கு விட்ட இடம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத வேண்டியவள் அவருடைய மகள் செல்வி. அவள் முடியாது என்றதால் தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். என்னை வளர்த்தது அந்தச் சம்பளம். பிறகு கல்யாணம். பிள்ளை பிறந்த அடுத்த வருடமே அத்தானும் காய்ச்சலில் போனார். செல்விக்கு மூன்று வயதாகும்போது அக்கா அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனார். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. செல்வி வாசலில் நின்றாள். பிற்பாடு அக்காவை அவள் "அம்மா" என்று கூப்பிட்டதே இல்லை. "அவங்க" என்பாள்.

அங்கே அக்கா வேலை செய்த வீட்டில் லூஸ் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணும் வேலை செய்தார். இருவரும் சமையலறை அரபியில் பேசிக்கொள்வார்கள். லூஸ் தன் நாட்டு விடுகதைகளைச் சொல்வார். நாலு வரிப் பாட்டுக் கட்டவும் சொல்லிக் கொடுத்தார். வரிக்கு ஏழு தட்டு, கடைசி ஓசை ஒத்துப் போகவேண்டும். அதற்குத் தனாகா என்று பேர். அக்கா தமிழில் கட்டிப் பார்ப்பார். தொடையில் தட்டி எண்ணுவார்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் நாட்டில் செத்த வீட்டில் தூங்காமல் இருக்க ஒரு பாட்டு விளையாட்டு உண்டு. இளவரசி ஒருத்தியின் மோதிரம் கடலில் விழுந்துவிட்டது, யார் எடுத்துத் தருவார் என்பது அதன் கதை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, வெள்ளைப் பொட்டு வைத்த தேங்காய்ச் சிரட்டையைச் சுற்றிவிடுவார்கள். சுற்றியவர் பாட்டில் கேட்பார். பொட்டு யார் பக்கம் நிற்கிறதோ அவர் பாட்டில் பதில் சொல்லவேண்டும். முடியாவிட்டால் இறந்தவருக்காக ஒரு பிரார்த்தனை.

அக்கா திரும்பி வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு எடுத்து இடியப்பம் அவித்து விற்றார். தெரிந்தவர்கள் வீட்டுச் சாவுக்குப் போனால் சிரட்டையும் கொண்டுபோவார். பிரார்த்தனைக்குப் பதில் தேவாரம் என்று மாற்றிக்கொண்டார். முதலில் சூனியம் என்றார்கள். அப்புறம், "சீட்டு விளையாடுறதுக்கு இது மேல்" என்று உட்கார்ந்தார்கள்.

நாங்கள் ஒரு பிழை செய்தோம். இறந்தவருக்கு இலை போடுகிற பழக்கத்தில், வட்டத்திலும் அவருக்கு ஓர் இடம் விட்டோம். லூஸ் நாட்டில் அப்படி விடுவதில்லை. அது எங்களுக்குத் தெரியாது.

கங்காணி ஒருவர் இறந்த வீட்டில் சிரட்டை அந்த வெற்றிடத்தில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். "ஐயாவுக்காக நான் சொல்றேன்" என்று அக்கா அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். வாயைத் திறக்குமுன் இருமினார். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அப்படித்தான் இருமுவார். சிரிப்பு நின்றது.

அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "போதும் புள்ள, நிறுத்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அதன்பிறகு அந்த இடத்தில் உட்காருவதற்காகவே அக்காவைக் கூப்பிட்டார்கள். போனில் இதைக் கேட்டு லூஸ் கோபப்பட்டார். "வட்டம் உயிரோட இருக்கிறவங்களுக்கு. இடம் விட்டா வந்து உட்காருவாங்க" என்றாராம். அக்கா என்னிடம் சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

சிறுநீரகம் பழுதாகிப் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அக்கா வலி என்று சொல்லவில்லை. "எனக்கும் சிரட்டை சுத்துங்க தம்பி. செல்வியையும் உட்கார வை" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்காவை எடுக்கிற அன்று மத்தியானம் மழை. பெட்டிக்குப் பக்கத்தில் வட்டம் போட்டோம். அக்காவுக்கு இடம் விட்டோம். செல்வி குசினியில் அடுப்புப் பக்கமே நின்றாள். நான் போய்க் கூப்பிட்டேன்.

"அவங்க கேட்டாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"அவங்கதான் கேட்டாங்க."

வந்து உட்கார்ந்தாள். சிரட்டையைச் சுற்றிவிட்டுக் கேட்டாள்:

மூணு வயசுப் பிள்ளை
வாசல்ல நின்ன வேளை
திரும்பிப் பார்க்கவில்லை
ஏன்னு சொல்ல ஆளில்லை

பொட்டு அக்காவின் இடத்தில் நின்றது. என் மச்சான், "செரட்டைதானே, மறுபடி சுத்துங்க" என்றார். சுற்றினாள். அங்கேயே நின்றது. தரை சாய்வு என்றார் ஒருவர். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அது எதிர்ப் பக்கம் ஓடியது.

செல்வி எழும்பி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். தொடையில் தட்டினாள். அவள் எந்தச் செத்த வீட்டு வட்டத்துக்கும் வந்தவள் இல்லை.

திரும்பிப் பார்த்திருந்தா
பஸ்ஸேறி இருப்பேனா
கண்ணாடியில் கண்டேம்மா
வளைவு வரைக்கும்மா

நான் பெட்டியைப் பார்த்தேன். குரல் அங்கிருந்து வரவில்லை. செல்வியின் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அது செல்வியின் குரல் இல்லை.

பிறகு அவள் நிமிர்ந்து, "ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறீங்க? நான் எப்ப இந்தப் பக்கம் வந்தேன்?" என்றாள். அதற்குள் பறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எடுத்தோம்.

வரமுடியாத லூஸுக்கு அனுப்ப ஒருவர் போனில் ஒலிப்பதிவு செய்திருந்தார். செல்வி அந்தப் பதில் பாட்டை அனுப்பினாள். ஆங்கிலத்தில் வந்த பதிலை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: "இது அவள் அங்கே துணி தேய்க்கும்போது பாடுவது. வேறு யார் முன்னாலும் பாடமாட்டாள். இந்தப் பழைய பதிவு உனக்கு எப்படிக் கிடைத்தது?" அது தன் வாயால் பாடியது, அம்மா இறந்த பிறகு எடுத்தது என்று செல்வி எழுதினாள். அம்மா என்றே எழுதியிருந்தாள். "இனி இடம் விடாதே" என்று மட்டும் லூஸ் பதில் போட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், மழையில் பந்தல் போட்டுத் தந்த அயலவர்களுக்கும், இரண்டு நாளும் சோறு அனுப்பிய கடைவீதி முஸ்லிம் சகோதரர்களுக்கும், கடல் கடந்து அழுத லூஸுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அந்த வட்டத்தை விட்டு எழும்பாமல் இருந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

திவசத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு சிரட்டை சுற்றப்படும். இடம் விடவேண்டாம் என்று செல்வியிடம் சொன்னேன். "இன்னும் ஒண்ணு கேக்கணும் மாமா" என்றாள். மறுக்க முடியவில்லை. ஆகவே இடம் விடப்படும். அதன் பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறவர்கள் வந்தவுடன் சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் நான் இருப்பேன். மறு பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.