பொய்யாகக் கட்டிய வேப்பிலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. வயிற்றில் பிறந்தது ஐந்து, கொழுந்தன் விட்டுப்போனது ஒன்று, ஆக ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதுவதற்குள் பொழுது போய்விடும். அதனால் நான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சால்ட் லேக்கிலிருந்து வரும் பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு வங்காளம்தான் வாயில் வரும். அவளைத் தமிழ் எழுத வைத்தது என் பிடிவாதம்.

போன வாரம் அவள் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தாள். என் தோளில் இருக்கும் வட்டத் தழும்பைப் பார்த்து, இது எந்த ஊசி என்று கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் என் அத்தையைச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. வங்காளத்தில் கார்டன் ரீச் என்ற இடத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் அக்காவான அத்தை கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். மணலில் மழை விழுந்த மாதிரி அவள் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அம்மா அவள் எதிரில் உட்காரக்கூட மாட்டாள்.

அந்தப் பங்குனியில் பெரியம்மை பரவியது. பின் வரிசையில் ஒரு பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நோய் வராமலிருக்க அம்மை குத்துகிறவர்கள் வீடு வீடாக வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கும் குத்தியிருக்கவில்லை, இடுப்புக் குழந்தையாக இருந்த தம்பிக்கும் குத்தியிருக்கவில்லை. எப்படியாவது எங்களுக்குக் குத்திவிட வேண்டும் என்று அம்மாவுக்குத் தவிப்பு. அத்தையோ, "எம் மூச்சு இருக்குத வரைக்கும் நடக்காது" என்றுவிட்டாள்.

மறுநாள் காலை எங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் அப்படிக் கட்டுவது எங்கள் வழக்கம். உள்ளே அம்மன் இருக்கிறாள், வெளியாள் வரக் கூடாது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் வேப்பிலையைப் பார்த்ததும் குத்துகிறவன் அப்படியே திரும்பிவிடுவான் என்று அத்தை நம்பினாள்.

கட்டியது பொய்யானாலும் விரதம் பொய்யாகக் கூடாதே என்று அவளுக்கு ஒரு பயம். வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா சவரம் செய்யக் கூடாது என்றாயிற்று. நோயாளி ஒருத்தி வேண்டுமே, அதற்கு நான். மஞ்சள் துணி உடுத்தி, வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்தாள். பள்ளிக்கூடம் கிடையாது, இளநீர் உண்டு. எனக்கு அம்மன்மேல் அளவில்லாத பக்தி உண்டாகிவிட்டது. அப்பாவைத்தான் ஆபீசில் தாடியைப் பார்த்து விசாரித்து, அம்மை கண்ட வீட்டிலிருந்து வராதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அத்தை ஒன்றை யோசிக்கவில்லை. குத்த வந்தவர் வங்காளி, பல வருஷம் தமிழர் குடியிருப்புகளில் சுற்றியவர். வேப்பிலை தொங்குகிற வீட்டில்தான் அம்மை இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வராதே என்று நாங்கள் கட்டியதைப் பார்த்து, மற்ற வீடுகளை விட்டுவிட்டு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார், தோல்பையும் குடையுமாக.

அத்தைக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் அப்பா. நான் தெருவில் விளையாடியே வங்காளம் கற்றவள். படுத்தபடி இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"செருப்போட உள்ள வாரான் பாரு. இவன் கை வெளங்குமா?" என்றாள் அத்தை.

அக்கா உங்களை உட்காரச் சொல்கிறாள் என்று அப்பா வங்காளத்தில் சொன்னார்.

வந்தவர் வாசலைக் காட்டி, இந்தத் தளிரைக் கத்தரிக்காயோடு வறுத்தால் எத்தனை ருசி, இப்படிக் காயவிடுகிறீர்களே என்றார்.

"நம்ம பக்தியைப் புகழுதாரு அக்கா" என்றார் அப்பா.

பிறகு அவர் என்னிடம் குனிந்து, எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று கேட்டார். நான் வாயில் பொரியை வைத்துக்கொண்டே, இன்னும் ஆரம்பிக்கவில்லை, அத்தை சொன்னதும் ஆரம்பிக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். அப்பா தாடியைச் சொறிந்துகொண்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தைக்கு நேர் எதிரில் அவள் நின்று அன்றுதான் பார்த்தேன். "மதினி, புள்ளைகளுக்குக் குத்திரட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

அத்தை கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"எம் புள்ளைக்கும் ஊர்ல இப்படித்தான் ஒருத்தன் வந்து குத்தினான். குத்தி ரெண்டு நாள்ல ஒடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டுட்டு. அப்புறம் அவ எந்திரிக்கவே இல்ல. குத்தினதாலயா, இல்லையா? இந்த ஒண்ண மட்டும் அவன்ட்டக் கேளு, தம்பி."

அதுவரை ஒரு பேச்சையும் நேராகக் கடத்தாத அப்பா, இதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவர் குரல் இறங்கியிருந்தது. வந்தவர் எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னதையும் அப்பா அப்படியே தமிழில் சொன்னார்.

"ரெண்டு நாள்ல முத்துப் போடாதாம், அக்கா. பத்துப் பன்னெண்டு நாள் முந்தியே உள்ள வந்திருக்குமாம். குத்தினது கொல்லலையாம். குத்த வந்தவங்க பிந்தி வந்துட்டாங்களாம்."

அத்தை நம்பினாளோ இல்லையோ, பாயில் கிடந்த வேப்பிலையை ஒதுக்கிவிட்டு என் அருகில் உட்கார்ந்தாள். பிறகு, "இப்பப் பிந்தலையான்னு கேளு" என்றாள். பிந்தவில்லை என்றார் அவர்.

அத்தையே என்னை மடியில் வைத்துக்கொண்டாள். முள்முள்ளாக ஒரு சின்ன இரும்பு வட்டம், அதைத் தோளில் வைத்து ஒரு திருகு. நான் ஊரைக் கூட்டினேன். தம்பி அழவில்லையாம், இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

சில நாளில் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பிக் காய்ச்சல் அடித்தது. அத்தை அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா வந்திருக்கா. சின்னதா வந்திருக்கா" என்றாள். வாடிய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுக்கொத்து கட்டினாள். பொய்யாகக் கட்டியது அன்றைக்கு மெய்யாகிவிட்டது. பொருக்கு உதிர்ந்த பிறகு எங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் அவிழ்த்தாள். எட்டிப் பார்க்க வந்த வரிசைப் பெண்களிடம், "குத்திக்கிட்டா அம்மா சின்னதா வந்துட்டுப் போயிருதா, அம்புட்டுத்தான்" என்றாள். அடுத்த தடவை குத்துகிறவர் வந்தபோது பெண்கள் பிள்ளைகளோடு வாசலில் காத்து நின்றார்கள்.

எனக்கு மனதில் நிற்பது அந்தக் காய்ச்சல் நாட்கள்தான். நான் கண்ணயர்ந்தால் போதும், அத்தை தோளைத் தட்டி, "எந்திரி, எந்திரிச்சு உக்காரு" என்பாள். எழுந்து உட்கார்ந்ததும், "சரி, படு" என்பாள். மறுபடியும் தட்டுவாள். அத்தை என்னைத் தூங்கவே விடமாட்டேன் என்கிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ தம்பியையும் தூக்கிவந்து அத்தையின் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

எழுதியாயிற்றா? எங்கே, தொடக்கத்திலிருந்து வாசி. தன் பிள்ளை எந்திரிக்கவே இல்லை என்று அத்தை சொல்லிக் கேட்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி.