கூரைக்கு வைத்த பலகை

பிற நாடுகளில் வெள்ளத்தையும் புயலையும் தாங்கும் கட்டடங்களுக்கு அரசு நிதி வழங்கும் துறையில் அவர் பெரிய அதிகாரி. எங்கே எதைக் கட்டினாலும், யார் உதவி என்று சொல்லும் பலகை வாசலில் இல்லாவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லி மனைவி நச்சரித்தால் மட்டும், "முதல்ல ஒரு ஆய்வு நடக்கணும்மா" என்றே பல மழைக்காலங்களை ஓட்டிவிட்டார்.

இம்முறை வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்தால், கூரை பளபளவென்று புதிதாக இருந்தது. வாசலில் ஒரு பலகை: 'இந்தக் கூரை, வீட்டம்மாவின் அண்ணன் உதவியால் போடப்பட்டது.'

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் சற்றுப் பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கே. ரோட்டுலேர்ந்து தெரிய வேண்டாமா?"