பெரியம்மா தூரம்

என் மேசையில் இருக்கும் பித்தளைக் கூஜாவுக்கு வயிற்றில் ஒரு நசுங்கல். கட்டைவிரலை வைத்தால் கச்சிதமாக உட்காரும். போன மாதம் இங்கே சான்பாடாவில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர், "குடுங்க மாஜி, தட்டி எடுத்துடலாம்" என்று கை நீட்டியபோது, பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார், பாவம். ஆனால் இந்த நசுங்கலை எடுத்துவிட்டால், என் பெரியம்மா மாத்தேரான் மலையில் குதிரை ஏறினாள் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. சாட்சி கண் முன்னால் இருக்கும்போதே எனக்குப் பாதி நம்பிக்கைதான் வருகிறது. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எழுபது வயது தாண்டியும் எனக்குத் தெளிவு வரவில்லை. தெளிவு வேண்டுகிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தொடக்கம். பம்பாய் மாடுங்காவில் ஒரு மூன்றாம் மாடி. ஒரு கூடம், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. அதற்குள் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான், என் தம்பி. பெரியப்பா ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. ஆபீஸில் எப்படியோ, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மடி, ஆசாரம், வெங்காயம் வாசற்படி ஏறக்கூடாது, குளிக்காமல் அடுப்பைத் தொடக்கூடாது. பெரியம்மா விடிவதற்கு முன்னால் குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனால் போனதுதான். இரண்டு பேருக்கு ஆபீஸ் டிபன், எங்களுக்குப் பள்ளிக்கூட டிபன், சாயங்காலக் காபி, ராத்திரிச் சாப்பாடு என்று அடுப்போடு அடுப்பாக நிற்பாள். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவளுக்குக் குழந்தைகள் கிடையாது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவள் வீட்டிலேயே இருக்கமாட்டாள்.

"பெரியம்மா எங்கேம்மா?" என்று கேட்டால், "பெரியம்மா தூரம்" என்பாள் அம்மா. அவ்வளவுதான் பதில். வீட்டுக்குத் தூரம் என்றால் என்ன என்று பெரியவர்களுக்குத் தெரியும். மாதவிடாய் வந்த பெண் மூன்று நாள் எதையும் யாரையும் தொடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும், தனித்தட்டு, தனிக்கூஜா. தண்ணீரோ சாதமோ அவள் கையில் கொடுக்கமாட்டார்கள், தரையில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். ஊரிலென்றால் இதற்கென்று பின்கட்டில் ஓர் அறை இருக்கும். மாடுங்கா மூன்றாம் மாடியில் பின்கட்டுக்கு எங்கே போவது? அம்மா தன் நாட்களில் பால்கனி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கீழே தெருவில் காய்கறி வாங்குகிறவர்கள் வரைக்கும் விஷயம் தெரிந்துவிடும், கர்மம். எங்களை விட்டுவிட்டு அவளால் எங்கும் நகர முடியாது. பெரியம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் பெரியப்பாவே ஓர் ஏற்பாடு செய்திருந்தார். செம்பூரில் பெரியம்மாவின் ஸ்நேகிதி ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர், தனியாகக் குடியிருந்தாள். அவள் வீட்டில் காலியாக ஓர் அறை. பெரியம்மா தன் கூஜாவையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் இருந்துவிட்டு, நாலாம் நாள் காலையில் திரும்பி வந்து தலைக்குக் குளிப்பாள்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் பம்பாய் ஹிந்தி என்று வளர்ந்த எட்டு வயதுப் பெண் நான். ஹிந்தியில் தூர் என்றால் தூரம், தமிழில் தூரம் என்றாலும் தூரம். இரண்டு பாஷையும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்? எதிர்வீட்டு குஜராத்தி மாமி, "தேரீ படீ மா கஹாங் கயீ?" என்று பெரியம்மா போன இடத்தைக் கேட்டால், "பஹுத் தூர் கயீ" என்பேன். "அகேலி?" தனியாகவா என்று அவள் புருவத்தைத் தூக்குவாள். "ஹாங், அகேலி" என்பேன், எனக்கே பெருமையாக இருக்கும். அந்த மாடியிலேயே தனியாகத் தூரம் போகிற பெண்பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

தூரம் என்பது ஓர் ஊர் என்று நான் தீர்மானித்திருந்தேன். அந்த ஊரில் மண் சிவப்பு. ஏனென்றால் நாலாம் நாள் பெரியம்மா குளியலறையில் தன் புடவையைத் தானே துவைக்கும்போது, வாய்க்கால் வழியாகச் சிவப்பாகத் தண்ணீர் ஓடும். அதைப் பார்த்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், பெரியப்பா ஏதோ ஸ்லோகம் முணுமுணுப்பார். எனக்கு மட்டும் அது மண் என்று தெரிந்தது, அடியில் பொடிமணலாக நெறுநெறுத்தது. ஒன்றுதான் குழப்பம். அம்மாவையும் தூரம் என்கிறார்கள், ஆனால் அவள் பால்கனியிலேயே உட்கார்ந்திருக்கிறாளே? அம்மாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு முடிந்து சில மாதம் இருக்கும். ஒரு காலையில் அம்மா என்னைக் கூட்டிப்போய், என்னென்னவோ கிசுகிசுவென்று சொல்லிவிட்டு, "இன்னியிலேர்ந்து நீயும் தூரம்டி" என்றாள். வயிற்றுவலியெல்லாம் பறந்துவிட்டது. ஓடிப்போய் என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து, இரண்டு பாவாடை, ஒரு சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். அன்றைக்குப் பெரியம்மாவுக்கும் நாள் வந்திருந்தது. கூஜாவும் கையுமாகச் செம்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், "நீ எங்கேடி கிளம்பிட்டே?" என்றாள். "தூரத்துக்கு. உங்களோட" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பையைக் கீழே வைத்துவிட்டாள். "இந்த மாசம் நான் போகலை. கொழந்தையோட இருக்கேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போய் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மற்ற நாளெல்லாம் அவள் மடி, தொடக்கூடாது. மூன்று நாள் தூரம், தொடக்கூடாது. இரண்டு பேரும் தூரமானதால் தொட்டுக்கொள்ளலாம். பெரியம்மாவின் கை எவ்வளவு சூடு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்று நாளும் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதையெல்லாம் கேட்டு நான் திருதிருவென்று முழித்தேன். செம்பூருக்குப் போவது நிஜம். அங்கே பையை வைத்துவிட்டு, டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப, இவள் குர்லாவுக்கு வந்து வேறு ரயில் பிடிப்பாள். காண்டாலா மலை, படகு ஏறி எலிஃபண்டா, வசாய் கோட்டை. எங்கும் தனியாக. மாத்தேரான்தான் அவளுக்கு உசிர். நேரலில் இறங்கினால் குட்டி ரயில், மேலே போனால் மோட்டார் கார் கிடையாது, செம்மண் பாதையும் குரங்கும் குதிரையும்தான். "குதிரைக்காரன் 'பாயி, கோடா?'ன்னான், குதிரை வேணுமான்னு. வேண்டாம்னுதான் சொல்ல வாயைத் தொறந்தேன், ஏறி உக்காந்துட்டேன். ஒம்பது கஜம் எதுக்குக் கட்டறாங்கற, அசடே? இதுக்குத்தான். ரெண்டு பக்கமும் காலைப் போட்டுண்டு ராணி மாதிரி உக்காரலாம்." குதிரை அதற்கு இஷ்டமான திக்கில் போயிருக்கிறது. சேணத்தில் மாட்டியிருந்த கூஜா பாறையில் விழுந்து நசுங்கியிருக்கிறது. "நல்ல வேளை, தூரத்துக் கூஜா. ஆத்துல யார் தொடப்போறா, யார் கேக்கப்போறா?" என்றாள்.

காண்டாலாவில் மழையில் நின்றுகொண்டு வெங்காய பஜ்ஜி தின்றதைச் சொன்னபோது நான் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். "பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன். "தெரிஞ்சா இந்தப் பால்கனிதான்" என்று அம்மா உட்காரும் மூலையைக் காட்டினாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "வீட்டிலே தொடக்கூடாது, ரயில்லே எல்லாரும் இடிச்சுண்டு நிப்பாளே, பாவமில்லையா?" என்று கேட்டேன். "அவாளுக்குத் தெரியாதேடி" என்றாள் சாதாரணமாக. எனக்கு அது சரியா தப்பா என்று புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷம், இது வந்தாலே அழுவேன். இந்த மாசமும் கொழந்தை இல்லேன்னு ஆயிடுத்தேன்னு. ஒரு நாள் செம்பூர் போறச்சே அழுதுண்டே தூங்கி, குர்லாவை விட்டுட்டு எங்கேயோ போயிட்டேன். இறங்கிப் பாத்தா மலை. அன்னிக்கு அழுகை நின்னுடுத்து." அடுத்த மாதம் என்னையும் கூட்டிப் போகச் சொன்னேன். "மாட்டேன். நீ வந்தா உனக்குப் பசிக்குமோன்னு பாத்துண்டிருப்பேன். அங்கேயும் நான் சமையக்காரியா?" என்றாள். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனால் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்து அது நின்றுவிட்டது. பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மற்ற பெண்கள் அப்பாடா என்று மூச்சு விடுகிற விஷயம். ஒரு நாள் அந்தக் கூஜாவைக் கொண்டுவந்து பால்கனி மூலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இனிமே நீ வச்சுக்கோ, எனக்கு வேலையில்லை" என்றாள். அதன் அடிவிளிம்பில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு மாதம் முழுக்க அடுப்படி. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. தம்பியிடம் எரிந்து விழுந்தாள். சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டால் கரண்டியும் கையுமாக நின்றுவிடுவாள். பெரியப்பா, "இப்போ அவளுக்கு எந்தத் தடையும் இல்லை, நித்யம் மடிதான்" என்று சந்தோஷமாக அப்பாவிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. தூரம் வேண்டாம் என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுகிறேன், தூரம் வேண்டும் என்று அவள் உள்ளே நின்று வேகிறாள்.

அப்புறம் ஒரு காலை. பெரியப்பா கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா குளித்துவிட்டுச் சமையலறைக்குள் காலை வைக்கப் போனாள். உள்ளேயிருந்து அம்மா வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உள்ளே வராதேங்கோ மன்னி. நீங்க தூரமாச்சே!" என்றாள், பெரியப்பா காதில் நன்றாக விழும்படி.

பெரியம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "நானா? எனக்குத்தான்..." என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"மறந்துட்டேள். கிளம்புங்கோ, செம்பூர்ல இருந்துட்டு வாங்கோ."

"சமையல்?"

"எனக்கும் கை இருக்கு."

அம்மா குளித்து மடியாக இருந்தாள். அப்படியே பால்கனிக்கு வந்து, யாரும் தொடாத அந்தக் கூஜாவைக் கையில் எடுத்தாள். கழுவி, சமையலறைக் குடத்திலிருந்தே தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, பெரியம்மாவிடம் கொண்டுவந்தாள். தரையில் வைக்கவில்லை. கையில் கொடுத்தாள்.  தூரமென்றால் தொடக்கூடாது. தொட்டால் தூரமில்லை. தூரமில்லை என்றால் எதற்குப் போகச் சொல்கிறாள்? பெரியம்மா வாங்கிக்கொண்டாள். கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு, பெரியப்பா பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டாள். பெரியப்பா பேப்பரில் பக்கம் திருப்பினார்.

அவர் பார்த்தாரா? அது எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு பெரியம்மா அறுபதை நெருங்கும்வரை அம்மா மாதாமாதம் மறக்காமல் அவளைத் தூரமாக்கினாள். அவ்வளவு சாஸ்திரம் பேசுகிற மனிதருக்கு அந்த வயதில் எந்தப் பெண் தூரமாவாள் என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நல்லவரா, வெறும் அசடா, இல்லை சண்டைக்குப் பயந்தவரா, எதுவும் பிடிபடவில்லை. அம்மாவுக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்று மட்டும் பிற்பாடு கேட்டேன். பெரியம்மாவின் துணிகள் கொடியில் காயவில்லை, அதனால் நின்றது தெரிந்ததாம். செம்மண் பல வருஷமாகவே தெரியுமாம். "அப்போ நீயும் ஒரு தடவை போயிருக்கலாமேம்மா?" என்றேன். அம்மா என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ரெண்டு பேரும் போயிட்டா யாருடி சமைக்கறது?"

மாத்தேரானுக்குப் போக வேண்டும் என்று போன வாரம்தான் எனக்குத் தோன்றியது. தனியாக. நேற்று மருமகளிடம், "நாளையிலேர்ந்து மூணு நாள் நான் தூரம்" என்றேன் வேடிக்கையாக. குர்லாவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. "தூரா? எவ்ளோ தூர் அம்மா?" என்றாள். எட்டு வயதில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கதையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ச்சீ, இப்படியா பெண்டுகளை உட்கார வைப்பாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாமைச் சொல்லும்போதே எனக்குக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவும், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவும் சேர்ந்தே தெரிகிறார்கள். ஒருத்தியை நினைத்துத் திட்டினால் இன்னொருத்தி சிரிக்கிறாள்.

இன்று காலை மருமகள் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வந்தாள். வேண்டாம், கூஜாதான் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஃபில்டரில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகிக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு என்ன வந்ததோ, கையை நீட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கீழே வைப்பாள் என்று. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பகடோ, பிடிங்க அம்மா, வண்டி போயிடும்" என்றாள். வாங்கிக்கொண்டேன். கட்டைவிரல் தானாகப் போய் நசுங்கலில் உட்கார்ந்தது. அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.