அய்யம்மாள் ஓட்டிய மலை ரயில்

அய்யம்மாள் பாதி வாழ்நாளை ஜீப்பின் பின்பக்கத்தில்தான் கழித்திருந்தார். சிலமலையிலிருந்து விடியுமுன் கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் இடமும் வலமுமாகச் சாய்ந்து, ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய் பறித்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருவார். கூட வரும் பெண்கள் தூங்கி வழிவார்கள். அவர் மட்டும் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளாவது தான் முன்னால் உட்கார்ந்து, இத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும் என்று ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

முழங்கால் வலியால் தோட்ட வேலையை விட்டவர், போடிக்கு வெளியே ஓர் அறக்கட்டளை போடியைப் போலவே குட்டியாகக் கட்டி நடத்தும் மாதிரி கிராமத்தில் சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தார். அங்கே எல்லாம் இடுப்புயரம்தான்: வீடுகள், கடைத்தெரு, ஏலக்காய்க் களம். சிமெண்டில் கட்டிய மலை மட்டும் ஆளைவிட உயரம். அதைச் சுற்றி ஏறி இறங்க ஒரு குட்டி ரயில் வரப்போகிறது என்றார்கள். வசூல் முழுவதும் மலைத்தோட்டத்துப் பிள்ளைகளின் விடுதிக்கு.

ரயில் வந்ததும், தான் ஓட்டட்டுமா என்று அய்யம்மாள் வாய்விட்டுக் கேட்டார். செயலாளர் பிரபாகரன் தயங்கினார். ஜீப் ஓட்டிப் பழகிய முத்துக்கண்ணன் இருக்கும்போது எதற்கு என்றார். ஆனால் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிரேஸ், காலிப் பெட்டிகளோடு ஓட்ட அய்யம்மாளுக்குக் கற்றுக்கொடுத்தாள். கடைசியில் பிரபாகரன் இறங்கிவந்தார். திறப்பு நாளின் முதல் ஓட்டம் அய்யம்மாளுக்கு. அது ஒழுங்காக நடந்தால் ரயில் அவர் பொறுப்பு, இல்லாவிட்டால் முத்துக்கண்ணனுக்கு.

அன்று தோட்டத்துப் பழைய கூட்டாளிகள் பிள்ளைகளோடு ஜீப்பில் வந்து இறங்கி, முதல் ஆட்களாக ரயில் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தார்கள். அய்யம்மாள் எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். புது வண்டி என்றால் செய்வதுபோலச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழமும் வைத்தார். லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சை ஒரு பொருட்டே இல்லை. இதுவோ காப்பித் தட்டளவு சக்கரம். கைப்பிடியைத் திருப்பினார். முன்சக்கரங்கள் பழத்தின் மேல் ஏறின, நசுக்காமல் வழுக்கின, தண்டவாளத்தை விட்டு ஜல்லியில் இறங்கி நின்றன.

கூட்டம் சிரித்தது. பிரபாகரன் முகம் சிவந்து ஓடிவந்தார்.

"இறங்குங்கக்கா. இனி முத்துக்கண்ணண்ணே பாத்துக்கிருவாரு."

அய்யம்மாள் இறங்கினார். கண் கலங்கியது. ஆனால் விலகிப் போகவில்லை. பெட்டிகளில் அப்படியே உட்கார்ந்திருந்த தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டி ரோஜா, மெட்டுல ஜீப்பு நின்னா இப்பிடித்தான் உக்காந்திருப்பீகளா?"

"அங்கதான் தள்ளித் தள்ளி இடுப்பு போச்சு. இங்கயுமா ஆத்தா?" என்றபடியே ரோஜா குதித்து இறங்கினாள்.

பின்னாலேயே எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். மழையில் ஜீப் சேற்றில் புதைந்தால் போடுகிற அதே சத்தத்தை அய்யம்மாள் போட, ஒரே மூச்சில் எஞ்சின் தூக்கப்பட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. முத்துக்கண்ணனும் ஒரு பக்கம் கை கொடுத்தார். கிரேஸ் குனிந்து சக்கரங்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அய்யம்மாள் யாரிடமும் கேட்காமல் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பிரபாகரன் வாயைத் திறந்தார். "அவங்களே ஓட்டட்டும் சார்" என்றாள் கிரேஸ். பெண்கள் மறுபடி பெட்டிகளில் ஏறிக்கொண்டார்கள்.

ஏற்றத்தில் ரயில் முனகியது. வளைவில் வேகம் குறைந்து நின்றுவிடும்போல இருந்தது. அய்யம்மாள் பதறாமல் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருப்பினார். ரயில் நகர்ந்தது, வளைந்தது, உச்சிக்கு வந்தது. கீழே குட்டிப் போடி முழுவதும் தெரிந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல் காதை அடைத்தது. ஒருத்திகூடத் தூங்கவில்லை.

கீழே வந்து நின்றபோது அய்யம்மாள் எழப்போனார். பிரபாகரன் கையமர்த்தினார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"எங்கக்கா எந்திரிக்கிறீங்க? அடுத்த லோடு காத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப வெரசா ஏறச் சொல்லுங்க" என்றார் அய்யம்மாள்.